ஏழாம் நாள் ஊறல்

முருகம்மாள் எதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் கையில் எடுப்பாள். பால், கடலை எண்ணெய், ரேசன் அரிசி, துவைத்து வந்த சேலை, மருந்துக் கடையில் கொடுக்கும் மாத்திரை அட்டை எதுவும் தப்பாது. மினி பஸ்ஸில் ஏறுமுன் போர்டைப் பார்ப்பாள், டிரைவரிடம் கேட்பாள், ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்து ஆளிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்வாள். எம். புதுப்பட்டியில் அவளுக்குச் ‘செக்கிங்’ என்று பெயர். இந்தப் பங்குனியில் நான்கு நாள் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தபோது, வாங்கி வந்த மாலையைப் பார்த்து யாரோ, "அவ இருந்தா, நேத்துப் பூவுல தண்ணி தெளிச்சுக் குடுத்துட்டான்னு சண்டைக்குப் போயிருப்பா" என்றார்கள். அழுதுகொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சந்தேகத்தை அவளுக்குக் கொடுத்தது வேலை. கல்யாணமாகி வந்த மறுவருடமே பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறியவள், பதினெட்டு வருடம் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றினாள். வெடிமருந்து அடைத்த சின்னக் காகிதப் பெட்டியைச் சணல் நூலால் இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்ற வேண்டும். சுற்று இறுகினால்தான் வெடி சத்தம் போடும். நூலில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால் அது எங்காவது உரசிப் பொறி பறக்கும். அதனால் நூல் பெட்டிக்குப் போகுமுன் அதைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓடவிட்டுப் பார்ப்பாள். எந்த நூல் சிட்டம் நல்ல சணல், எந்தச் சிட்டம் பழைய சாக்கைப் பிரித்து முறுக்கியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அறைக்கு நான்கு பேர் என்பது விதி. ஐந்தாவது ஆளாக யார் வந்து உட்கார்ந்தாலும், அது முதலாளியின் சொந்தக்காரராகவே இருந்தாலும், சுற்றுவதை நிறுத்திவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வந்தவர் எழுந்து போகும்வரை அந்தப் பார்வை விலகாது.

ஒரு நாள் காலை அவள் மூக்குக்கு ஏதோ சரியில்லை. பக்கத்து அறையில் கலந்து வைத்திருந்த மருந்திலிருந்து நவச்சார வாடை போல் ஒன்று மெலிதாக வந்தது. மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் சூடேறும், சூடேறும்போது அப்படித்தான் வாடை வரும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். "எந்திரிங்கடீ" என்றாள். கூட இருந்த மூன்று பெண்களும் எழுந்து அவள் பின்னால் வேப்ப மரம் வரை ஓடினார்கள். போர்மேன் வந்தார். மருந்தை எடுத்து வெளியே பரப்பிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அன்றும் ஆகவில்லை, அதற்குப் பிறகும் ஆகவில்லை. நடக்காத விபத்தை யாரிடம் காட்டி நிரூபிப்பது?

"ஒனக்குச் சளி பிடிச்சிருக்கும்மா. ஒரு நாள் வேலை போச்சு" என்றார் போர்மேன். பிறகு மற்ற மூவரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வாடை வந்ததா என்று கேட்டார். இரண்டு பேர் வந்த மாதிரி இருந்தது என்று இழுத்தார்கள். எதிர்வீட்டு முத்துமாரியம்மாள் மட்டும், "எனக்கு ஒண்ணும் தெரியல சார். அக்கா எந்திரின்னா, எந்திரிச்சேன்" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். அந்த வார்த்தை முருகம்மாளின் காதில் விழுந்தது. பத்து வயது இளையவள், வேனில் தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிறவள், இவள் குழம்பில் பாதியைத் தின்கிறவள். அவளே இப்படிச் சொன்னால் வேறு யார் நம்புவார்கள்? கலவரம் பண்ணுகிறவள் என்று முருகம்மாளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வாடையே வராமல் சேர்ந்து ஓடியதற்காக முத்துமாரியம்மாளையும் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டு வாசல்களும் எதிரெதிரே இருந்தனவே தவிர, அவர்களுக்குள் பேச்சு இல்லை.

இனிமேல் மருந்து வாடை அடிக்கும் எந்த அறைக்குள்ளும் கால் வைப்பதில்லை என்று முருகம்மாள் முடிவு செய்தாள். வேறு கம்பெனி ஏஜெண்டுகள் சீசனுக்கு சீசன் வந்து கூப்பிட்டார்கள். "பாத்துட்டுச் சொல்லுதேன்" என்பாள். போகமாட்டாள். ஆனால் புருசன் ஊர்க்காவலன் ஒருவன் சம்பாத்தியத்தில் எத்தனை நாள் ஓட்டுவது? அவன் விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் லோடுமேன். சாது. ஒரு காலத்தில் குடித்துக்கொண்டிருந்தான், விட்டுவிட்டான். விட்டு ஏழு வருடமாகியும், சாயங்காலம் வந்து நின்றால் முருகம்மாள், "வாயத் தொறங்க" என்பாள். கிட்டே போய் மோந்தால் மேலெல்லாம் மிளகாய் நெடி. தும்மிக்கொண்டே சோதனையை முடிப்பாள்.

அவர்களுக்கு ஊருக்கு மேற்கே ஒரு ஏக்கர் கரிசல் காடு இருந்தது. ஒரு ஐப்பசியில் வேளாண்மை ஆபீசில் சணப்பு விதை இலவசமாகக் கொடுத்தார்கள். விதைத்து, பூ எடுத்ததும் அப்படியே மடக்கி உழுதுவிட வேண்டும், மண்ணுக்கு நல்ல பசுந்தாள் உரம் என்றார்கள். முருகம்மாளுக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

"இலவசமாக் குடுக்கான். வளந்ததும் மண்ணுக்குள்ள போட்டு மூடுங்கான். ஏன் மூடணும்? நின்னா என்ன வந்துரும்?"

"நின்னா முத்திப் போயிரும். உரமாகாது" என்றான் ஊர்க்காவலன்.

"அது அவன் சொல்லுதான். நீங்க கண்டீகளா?"

உழாமல் விட்டாள். மஞ்சள் பூ உதிர்ந்து காய் பிடித்தது. செடி ஆளை மறைக்கும் உயரம் வளர்ந்தது. அப்படி என்னதான் ஒளித்துவைத்திருக்கிறது என்று ஒரு தண்டை ஒடித்தாள். ஒடிந்தது, ஆனால் துண்டாகவில்லை. பட்டை உரிந்து நீளமாக இழுத்துக்கொண்டு வந்தது. பழக்கதோஷத்தில் அதை இரண்டு விரலுக்கு நடுவே ஓடவிட்டாள். கம்பெனிக்கு எங்கிருந்தோ லாரியில் வந்த சணலைவிட இது உரமான நார் என்று விரல் சொன்னது. அவள் சந்தேகப்படாதது அவளுடைய விரல்களை மட்டும்தான்.

பச்சைத் தண்டில் நார் பசை போட்டு ஒட்டினது போல் இருக்கும். தண்ணீரில் ஊற வேண்டும். முதல் வருடம் கட்டுகளைக் கண்மாயில் அப்படியே படுக்கப் போட்டாள். அடித்தண்டு தடிப்பு, நுனி மெலிது. அடி ஊறுவதற்குள் நுனி அழுகிக் கையோடு வந்தது. சேறு பட்டதில் நார் கறுத்தும் போயிற்று. நாற்றம் தாங்காமல் ஆடு மேய்க்கிறவர்கள் சத்தம் போட்டார்கள். ஊர்க்காவலன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். எந்த ஊரோ, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவன் கட்டுகளை நட்டமாக நிறுத்திக்கொண்டிருந்தான்.

"இவன் பேசுறது ஒங்களுக்கு வெளங்குதா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப இவன் செய்யாதன்னு கூடச் சொல்லலாம்ல?"

ஆனாலும் அவன் எதற்காகக் கட்டை நிறுத்தினான் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

மறு வருடம் இடத்தை மாற்றினாள். ஊரிலிருந்து ஒரு மைல் தள்ளிப் பழைய கிடங்கு ஒன்று உண்டு. கல் உடைத்து எடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளம். நடுவில் ஆழம், ஒரு ஓரத்தில் இடுப்பளவு தண்ணீரில் அகலமான கல்தட்டு. சேறு கிடையாது. காய் பிஞ்சாக இருக்கும்போதே அறுத்து, இலை கொட்டும்வரை காட்டிலேயே மூன்று நாள் போட்டுவைத்து, அறுபது கட்டுகளாகக் கட்டினாள். முதல் இரண்டு நாள் கட்டுகளை அடிப்பக்கம் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி நிறுத்தி வைத்தாள். மூன்றாம் நாள் படுக்கப்போட்டு மேலே கல்லைப் பாரம் வைத்தாள். தினமும் காலையில் போய் நடுக்கட்டிலிருந்து ஒரு தண்டை உருவி, அடியை ஒடித்து இழுத்துப் பார்ப்பாள். நார் பாதியில் நின்றால் இன்னும் ஊறவில்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு வந்தால் பதம். அந்தப் பதத்தில் எடுத்துவிட வேண்டும். தாண்டினால் நாரே கூழாகும்.

சாத்தூரில் மாட்டுக்குச் சலங்கை, மூக்கணாங்கயிறு விற்கும் அழகுராஜா என்பவர் முதல் வருடத்து நாரில் தேறிய ஒரு பிடியைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டிருந்தார். நைலான் கயிறு மாட்டின் மூக்கை அறுக்கிறது, ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்கள் நார்க்கயிறு கேட்டு வருகிறார்கள், இதே போல் கறுக்காமல் கொண்டுவந்தால் வருடா வருடம் மொத்தத்தையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். இந்த அறுபது கட்டும் சரியாக வந்தால் முருகம்மாள் மறுபடி கம்பெனி வேனில் ஏற வேண்டியதில்லை. வராவிட்டால், சித்திரைக்குள் ஏஜெண்டுக்குச் சரி என்று சொல்லியாக வேண்டும். ஊர்க்காவலனின் முதுகு இனி மூட்டை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையும் அவள் இரண்டு டாக்டரிடம் கேட்டு உறுதி செய்திருந்தாள்.

இதையெல்லாம் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் ஊரே சணப்பு விதைக்கும் என்று பயம். அரிவாளோடு தனியாகப் போவாள், நனைந்து திரும்புவாள். "எங்க மதினி, காட்டுல தண்ணியா?" என்று கேட்டால், "ஆமா, வேர்வை" என்பாள். ஊர் சும்மா இருக்குமா? செக்கிங் எதையோ மறைக்கிறாள் என்று ஊரும் அவளைச் செக் பண்ண ஆரம்பித்திருந்தது.

ஏழாம் நாள் காலை, இன்றைக்கு எடுத்துவிடலாம் என்று அவள் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். ஒருவர் ஏட்டு பத்திரகாளி, தலை நரைத்த மனிதர்.

"ஊறல் போட்டிருக்கீகன்னு தகவல் வந்திருக்கு. வீட்டப் பாக்கணும்."

அந்தப் பக்கத்தில் ஊறல் என்றால் சாராய ஊறல். வெல்லமும் பட்டையும் போட்டுப் பானையில் புளிக்க வைத்துக் காய்ச்சுவார்களே, அது. வேறு எங்கோ கள்ளச்சாராயத்தில் ஆட்கள் செத்ததிலிருந்து போலீஸ் கெடுபிடி பண்ணிக்கொண்டிருந்த நேரம்.

முருகம்மாள் போலீஸைப் பார்க்கவில்லை. திரும்பிப் புருசனைப் பார்த்தாள்.

"எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்க?"

"ஏய், நானா?" ஊர்க்காவலன் பல்குச்சியோடு நின்றான்.

"ஏட்டையா, நீங்க வாங்க. நான் காட்டுதேன்." முன்னால் அவள்தான் உள்ளே போனாள். கம்பு போட்டு வைத்திருந்த டிரம்மைக் கவிழ்த்தாள். பரணில் ஏறி ஓட்டை அண்டாவை இறக்கினாள். கோழிக் கூட்டுக்குள் கையை விட்டாள். போலீஸ்காரர்கள் நடுவீட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"தாயி, எங்களுக்கு வேலையே வைக்க மாட்டேங்கீகளே" என்றார் பத்திரகாளி. "ஊறல் வீட்டுல இல்லையாம். கிடங்குல போட்டிருக்காம்."

கையில் கோழி முட்டையோடு முருகம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். "கிடங்குலயா? அது நானுல்லா போட்டேன்!"

"ஒத்துக்கிட்டா" என்றார் கூட வந்த காவலர்.

அது சணப்பு, நார் எடுக்க ஊறப்போட்டிருக்கிறது என்று அவள் சொன்னதை ஏட்டு காதில் வாங்கிக்கொண்டார். நம்பினாரா என்பது முகத்தில் தெரியவில்லை. லாரி நிற்கிறது என்று கெஞ்சிய ஊர்க்காவலனிடம் ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, அவனை வேலைக்கு அனுப்பினார். மற்றக் காவலரை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு, "நடங்க, கிடங்கக் காட்டுங்க" என்றார்.

தெருவில் ஆட்கள் கூடியிருந்தார்கள். எதிர்வீட்டு வாசலில் முத்துமாரியம்மாள் கூலிக்குக் கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒட்டிக்கொண்டிருந்தாள், கையெல்லாம் பசை. அவளைப் பார்த்ததும் முருகம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. தினமும் நனைந்து வருவதைப் பார்க்கக்கூடியவள் யார்? கெடுக்க நினைப்பவள் யார்? அன்றைக்கு போர்மேனிடம் ஒரு வார்த்தையில் கவிழ்த்தவள் யார்?

"என்னடி, மனசு குளுந்துச்சா? கம்பெனியில பாதி முடிச்ச, இன்னைக்கு மீதிய முடிச்சிட்ட. எம் பொழப்புல மண்ணள்ளிப் போட ஒனக்கு எம்புட்டு ஆசைடி!"

இரண்டு வருடத்தில் அவள் முத்துமாரியம்மாளிடம் பேசிய முதல் பேச்சு அது. முத்துமாரியம்மாள் எழுந்திருக்கக்கூட இல்லை.

"யக்கா, நான் சொல்லணும்னா எம் பேரப் போட்டே சொல்லுவேன். எனக்கு மறைஞ்சு நின்னு சொல்லத் தெரியாது. அது ஒங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கவரை எடுத்தாள்.

கிடங்கின் தண்ணீர் பச்சையாக, மேலே நுரை கட்டி, சின்னச் சின்னக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. நாற்றம் ஏட்டின் மூக்கைச் சுளிக்க வைத்தது.

"நுரைக்குது. வாடை தூக்குது. அப்படியே ஊறல் மாதிரித்தான இருக்கு?"

"ஊறல்தான். இது நார் ஊறல் ஐயா."

"கட்டுக்குக் கீழ கேன் இருந்தா?"

"கல்லு இருக்கு."

லத்தியைத் தண்ணீருக்குள் விட்டுத் தட்டினார். "பானை மாதிரில்லா கேக்குது?"

"பானையத் தட்டிப் பாத்து ரொம்ப நாளாச்சு போல. கல்லுக்கும் பானைக்கும் வித்தியாசம் தெரியலயே."

அவர் முறைத்தார். ஆனால் இன்னும் நான்கு இடத்தில் தட்டினார், ஒவ்வொரு இடத்திலும் காதைச் சாய்த்துக் கேட்டார், தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து மோந்தார், துப்பினார், கொஞ்சம் தள்ளிப்போய் வேறு இடத்திலும் அள்ளி மோந்தார். முருகம்மாளுக்கு அவர் மேல் கோபத்தோடு ஒரு மரியாதையும் வந்தது. ஒருமுறை பார்த்ததை நம்பாத ஆள்.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, நடுக்கட்டிலிருந்து ஒரு தண்டை உருவினாள். அடியை ஒடித்து இழுத்தாள். நார் நுனிவரை வழுக்கிக்கொண்டு வந்து, வெள்ளைப் பாம்புச் சட்டை போல் அவள் கையில் தொங்கியது. தண்டு மட்டும் வெறுங்குச்சியாகத் தண்ணீரில் மிதந்தது.

"பாத்தீகளா? பதம் வந்திருச்சு. இப்ப எடுக்கணும். வெயில் ஏறுனா மேக்கட்டு கூழாயிரும்."

"எஸ்.ஐ. ஐயா வந்து பாக்குற வரைக்கும் எதையும் அசைக்கக் கூடாது. ஐயா தேர் பந்தோபஸ்துல இருக்காக. போன் எடுக்கல."

"எப்ப வருவாக?"

"நாளைக்கு வந்தாலும் வருவாக."

நாளை! முருகம்மாள் கரையில் கல்லின் மேல் உட்கார்ந்தாள். அவர் எதிர்க்கரையில் வேலிக்கருவேல நிழலில் உட்கார்ந்தார். நடுவில் தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குமிழும் அவளுக்குக் கணக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. அடிக்கடி இறங்கி ஒரு தண்டை உருவி இழுத்துப் பார்த்தாள். பதினோரு மணிக்கு நார் உறுதியாக இருந்தது. பன்னிரண்டரைக்கு மேல்கட்டில் உருவியதில் ஒரு இழை பிசுபிசுத்தது.

"யாரு சொன்னான்னு மட்டும் சொல்லுங்க ஏட்டையா. எதிர்வீட்டுக்காரிதானே?"

"தகவல் சொன்னவங்களச் சொல்லக் கூடாது."

"எனக்குத் தெரியும். நீங்க தலைய ஆட்டுனாப் போதும்."

அவர் தலையை ஆட்டவில்லை. வெயிலில் சலித்துப்போய், செல்போனை எடுத்துக் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டார். "ஆளு யாருன்னு எனக்கே தெரியாது. சாத்தூரு ஆளாம். மினி பஸ்ஸுல உக்காந்து ஒங்க பேச்சக் கேட்டிருக்காக. எழுதி அனுப்பியிருக்கிறத வேணா வாசிக்கேன்." வாசித்தார். "ஒரு பெண் போனில் பேசினார். ஊறல் போட்டு ஆறு நாளாச்சு. கிடங்குலதான் கிடக்கு. நல்லா நுரை கட்டிருச்சு, வாடை தூக்குது, நாளைக்கு எடுத்துருவேன். காஞ்சதும் சாத்தூருக்குக் கொண்டாறேன். யாருகிட்டயும் மூச்சு விட்டுறாதீக, ஊருக்குள்ள ஒரு பயலுக்கும் தெரியாது. கண்டக்டர் அவரை முருகம்மா என்று கூப்பிட்டார்."

முருகம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் அவளுடையது. நேற்று அழகுராஜாவிடம் பேசியது. பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை என்று இரண்டு தடவை கத்திச் சொன்னது. சாத்தூருக்குக் கொண்டுவருகிறேன் என்பதோடு விட்டிருந்தால்கூட யாரும் பெரிதாக நினைத்திருக்கமாட்டார்கள். ‘யாருகிட்டயும் மூச்சு விட்டுறாதீக’ என்று அவள் ரகசியம் சொன்னதுதான் குற்றம் போல் ஒலித்தது. இப்போது கேட்கும்போது அவளுக்கே அப்படித்தான் கேட்டது. அந்த பஸ்ஸில் அவள் இருந்து வேறொருத்தி இப்படிப் பேசியிருந்தால், முதல் ஆளாகப் போலீஸுக்குச் சொல்லியிருப்பாள்.

"இது நான் பேசுனதுதான்" என்றாள் கடைசியில்.

"அது தெரிஞ்சுதான வந்தோம்" என்றார் அவர்.

அவள் கல்லிலிருந்து எழுந்தாள். "ஐயா, என்னைய நம்ப வேண்டாம். படம் பிடிங்க. ஒரு கட்ட முழுசாத் தூக்குறேன், கீழ என்ன இருக்குன்னு காட்டுறேன், நார உரிக்கிறேன், எல்லாத்தையும் செல்லுல பிடிச்சு ஒங்க பெரியவருக்கு அனுப்புங்க. பொய்னா அந்தப் படத்த வச்சே உள்ள போடுங்க" என்றாள்.

நம்பச் சொல்லாமல் சோதிக்கச் சொன்னது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கட்டுக்கு மட்டும் சம்மதித்தார். படம் போயிற்று. மூன்று மணிக்கு எஸ்.ஐ.யிடமிருந்து குரல்பதிவு வந்தது. பின்னால் கொட்டுச் சத்தம். "யோவ் பத்திரகாளி, எங்க ஊர்ல இத மாட்டுக்குக் கயிறு திரிப்பாங்கய்யா. அந்தம்மாவ வேலையப் பாக்க விடு." ஏட்டு ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தார். போகும்போது கல்லைத் தட்டிய லத்தியை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப் போனார்.

அறுபது கட்டு. பொழுது சாய மூன்று மணி நேரம் இருந்தது. ஊர்க்காவலன் திரும்ப எட்டாகும். ஒற்றைக் கையால் இருபது கட்டுக்கூட ஆகாது. போலீஸ் வந்து போன இடத்துக்கு வேறு யாரையும் கூப்பிட முடியாது, கூப்பிட்டாலும் அவளை நம்பி யாரும் வரமாட்டார்கள். முருகம்மாள் ஈரச்சேலையோடு ஊருக்கு நடந்தாள்.

காலையில் கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் தெருவில்தான் இருந்தார்கள். எதிர்வீட்டு வாசலுக்கு முன்னால் நின்றாள். உள்ளே போய்ச் சொல்லலாம், மெதுவாகச் சொல்லலாம். ஆனால் காலையில் தெருவில் வைத்துத்தான் ஏசினாள்.

"ஏ முத்துமாரி. நீ சொல்லல. நாந்தான் பஸ்ஸுல வாய் ஓயாமப் பேசிருக்கேன். காலையில ஒன்னையப் பேசுனது பூராத் தப்பு." எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னாள்.

முத்துமாரியம்மாள் பசைக் கிண்ணத்தை மூடினாள். "இது இன்னைக்கு உள்ளது. கம்பெனியில பேசுனது?"

"அதுல நீ சொன்னது சொன்னதுதான. வாடையே வரலன்ன."

"வரலதான். பொய் சொல்லச் சொல்லுதீகளா? அந்த ரெண்டு பேருக்கு வந்த மாதிரி இருந்துச்சாம். வாடை வந்திருந்தா ஒங்களுக்கு முந்தி ஏன் எந்திரிக்கலன்னு கேட்டீகளா? எம் மூக்கு ஒண்ணுமே சொல்லல. ஒங்க ஒத்தச் சொல்ல நம்பி எந்திரிச்சு ஒங்க பின்னால வந்தேன். வாடை வந்து ஓடுறதுக்கு நீங்க எதுக்கு, நானே ஓடிருக்க மாட்டேனா?"

முருகம்மாள் ஈர முந்தானையைப் பிழிந்தாள். இரண்டு வருடமாக அந்த ஒரு வார்த்தையை எத்தனையோ பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறாள். இந்தப் பக்கம் அவள் கண்ணில் பட்டதில்லை.

"நார் கூழாப் போயிரும்டி. ஒரு கை குடுக்கியா?" என்றாள்.

"நாத்தமா இருக்குமா?"

"குடலப் பிடுங்கும்."

"அப்ப பழைய சேலையக் கட்டிட்டு வாரேன்."

இடுப்பளவு தண்ணீரில் எதிரெதிரே நின்று உரித்தார்கள். ஒருத்தி கட்டைத் தூக்கி அடியைக் கொண்டுவந்த பலகையில் தட்டி ஒடிக்க, மற்றவள் பிடித்து இழுக்க, உரித்த நாரைத் தண்ணீரில் அலசி அடித்துப் பாறையில் எறிந்தார்கள். பேச வாயைத் திறந்தால் நாற்றம் உள்ளே போகும் என்று அதிகம் பேசவில்லை. மேல்வரிசையில் ஒன்பது கட்டு வெயிலில் பதம் தாண்டியிருந்தது. அதை முருகம்மாள் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து ஒதுக்கினாள். மிச்சம் ஐம்பத்தொன்று தேறியது. கிடங்கு முழுக்க நிழல் விழுந்தபோது கடைசிக் கட்டு முடிந்தது. இரண்டு பேரும் கையை மோந்து பார்த்துவிட்டு ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள்.

இரண்டு நாள் கயிற்றில் காய்ந்ததும் நார் வெளிர் மஞ்சளாக, கறுப்பில்லாமல், காற்றில் மெல்லச் சலசலத்தது. சாத்தூருக்குக் கொண்டுபோக வேண்டிய அன்று ஊர்க்காவலனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவனுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுக்க ஆள் வேண்டும்.

"நான் கொண்டு போய்க் குடுத்துட்டு வாரேன்" என்றாள் முத்துமாரியம்மாள்.

முருகம்மாள் மூட்டையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். தன் நாரை வேறு ஒரு கையில் கொடுத்து, தான் இல்லாத கடையில் பிரிக்க விடுவதா? ஊர்க்காவலன் பாயில் கிடந்தபடி வேடிக்கை பார்த்தான். இப்படி ஒன்று நடக்கும் என்று அவனால் நம்ப முடியவில்லை.

"கொண்டுபோ" என்றாள். "பஸ்ஸுல போன் பேசாத."

போனவளுக்கு அன்று முழுவதும் அவள் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. போனை எடுப்பாள், வைப்பாள். ஒத்தடத் துணி ஆறிப்போவதைக் கவனிக்காமல் அதையே முதுகில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணி மினி பஸ் வந்து நின்றபோது, ஸ்டாப்பில் கல்லின் மேல் முருகம்மாள் உட்கார்ந்திருந்தாள். வெறுங்கையை வீசிக்கொண்டு இறங்கிய முத்துமாரியம்மாள் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"பூராத்தையும் எடுத்துக்கிட்டாரு. அடுத்த வருசத்துக்கும் வேணுமாம்" என்றாள். பிறகு, "யக்கா, இன்னைக்காவது என்னைய நம்பிட்டீகன்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

"நம்புனேன்டி" என்றாள் முருகம்மாள். "அதனாலதான் நாலு மணி வரைக்கும் வீட்டுலயே இருந்தேன்."